ஒரே பெயர்ப் பலகை, பல வாசல்கள்

2022 பிப்ரவரியிலும் மார்ச்சிலுமாக எனக்கு எட்டு மின்னஞ்சல்கள் வந்தன. எட்டும், கம்யூனிகேஷனில் (தொடர்பியலில்) முனைவர் பட்டத்துக்கு நான் விண்ணப்பித்திருந்த அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலிருந்து. "இந்த ஆண்டு மிகச் சிறந்த விண்ணப்பங்கள் ஏராளமாக வந்திருந்தன" என்று தொடங்கினால் மிச்சத்தைப் படிக்க வேண்டியதில்லை என்பதை மூன்றாவது மின்னஞ்சலிலேயே கற்றுக்கொண்டுவிட்டேன். அப்போது நாகர்கோவில் பக்கத்தில் ஒரு கலைக் கல்லூரியில், விஸ்காம் துறையில் கௌரவ விரிவுரையாளராக இருந்தேன். விண்ணப்பக் கட்டணமாக மட்டும் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் போயிருந்தது. என் மூன்று மாதச் சம்பளம்.

அப்பா அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எட்டாவதும் போச்சு என்று சொன்னபோது, "போர்டு பாத்துத்தான் ஏறுனியா மக்ளே?" என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். ஆனால் விஷயம் அதுதான். போர்டு பார்த்துத்தான் ஏறினேன். எல்லா வண்டியிலும் "கம்யூனிகேஷன்" என்றே எழுதியிருந்தது. அவை வேறு வேறு ஊருக்குப் போகும் வண்டிகள் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கொஞ்சம் பின்னால் போகிறேன். முதுகலை முடித்ததும் நான்கு ஆண்டுகள் ஒரு தமிழ் நாளிதழில் நிருபராக இருந்தேன். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரி மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று கடற்கரை ஊர்களில் நாள்கணக்காக நின்றேன். அங்கே தங்குகடலுக்குப் போகிறவர்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலிலேயே இருப்பவர்கள். கரையில் எச்சரிக்கை சொல்லப்பட்டபோது அவர்கள் எப்போதோ கிளம்பிப் போயிருந்தார்கள். செல்போன் சிக்னல் கரையை விட்டுக் கொஞ்ச தூரத்திலேயே செத்துவிடும். படகுக்குப் படகு வயர்லெஸ்ஸில் சொல்லித்தான் சிலருக்குச் செய்தி போனது. திரும்பி வந்தவர்களிடம் பேசும்போது ஒன்று கவனித்தேன். "புயல்னு சொன்னாங்க" என்று யாரும் சொல்லவில்லை. "இன்னாரு சொன்னாரு" என்றே சொன்னார்கள். எச்சரிக்கையில் என்ன இருந்தது என்பதைவிட அது யாருடைய குரலில் வந்தது என்பதே அவர்களுக்குப் பெரிதாக இருந்தது.

இந்தக் கேள்வி எனக்குள் ஐந்து வருஷம் கிடந்தது. வேடிக்கை என்னவென்றால், முதல் முறை எழுதிய எஸ்.ஓ.பி.யில் (ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரும் கட்டுரை) இது ஒரு வரிகூட இல்லை. "மனிதன் பிறந்த கணம் முதலே தொடர்புகொள்ளத் தொடங்குகிறான்" என்று ஆரம்பித்து, சிறுவயதில் வானொலி கேட்ட கதை, கல்லூரியில் பேச்சுப் போட்டியில் வாங்கிய கோப்பை, நிருபர் வேலையில் "மக்களுக்காகப் பணியாற்றிய" பெருமை என்று இரண்டு பக்கம். கடைசியில், உங்கள் உலகப் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தில் படித்தால் என் கனவு நிறைவேறும். பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் மாற்றி எட்டு இடத்துக்கும் அனுப்பினேன். ஓரிடத்தில் பெயரை மாற்ற மறந்தும் போனேன். அது அனுப்பிய பிறகுதான் தெரிந்தது.

அதோடு இணைத்த எழுத்து மாதிரி இன்னும் மோசம். நம் ஊரில் மீடியா முதுகலை படித்தவர்களுக்கு அந்த ஆய்வேடு நன்றாகத் தெரிந்திருக்கும்: இருநூறு கல்லூரி மாணவிகளிடம் கேள்வித்தாள், அவர்களின் வாட்ஸ்அப் பயன்பாடு, சதவீத அட்டவணைகள், "பயன்பாடும் மனநிறைவும்" கோட்பாடு, முடிவாக "மாணவிகள் வாட்ஸ்அப்பை அதிகம் பயன்படுத்துகின்றனர்". என் வகுப்பில் பாதிப் பேர் எழுதியது இதைத்தான். வாட்ஸ்அப் இருக்கும் இடத்தில் இன்ஸ்டாகிராம் போட்டால் அடுத்த பேட்ச்சின் ஆய்வேடு. அதை அப்படியே மொழிபெயர்த்து அனுப்பினேன்.

சரி, வண்டிகள் விஷயத்துக்கு வருகிறேன். எட்டு நிராகரிப்புக்கு அப்புறம் அந்தக் கோடை விடுமுறை முழுக்க, பல்கலைக்கழகப் பக்கங்களை வரிசையாகத் திறந்து, ஒவ்வொரு பேராசிரியரும் என்ன எழுதியிருக்கிறார் என்று ஒரு பள்ளிக்கூட நோட்டில் குறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருபது துறைகளைத் தாண்டிய பிறகு ஒரு படம் தெளிந்தது.

அமெரிக்காவில் இந்தத் துறைக்குக் குறைந்தது இரண்டு பூர்வீக வீடுகள். ஒன்று பேச்சுக்கலை ஆசிரியர்களின் வீடு. மேடைப்பேச்சு கற்பித்தவர்கள் ஆங்கிலத் துறையிலிருந்து பிரிந்து 1914இல் தங்களுக்கென ஒரு சங்கம் வைத்தார்கள். அதுதான் இன்றைய நேஷனல் கம்யூனிகேஷன் அசோசியேஷன். சொல்லாட்சி ஆய்வு (பேச்சு கேட்பவரை எப்படி இணங்க வைக்கிறது என்று பார்ப்பது), இருவருக்கிடையிலான உறவுப் பேச்சு, நிறுவனங்களுக்குள் நடக்கும் பேச்சு எல்லாம் பெரும்பாலும் இந்த வீட்டில். இன்னொன்று இதழியல் வழி வந்த வெகுஜனத் தொடர்பு வீடு. செய்தி எப்படிப் போகிறது என்று மீடியா மாணவர்கள் பரீட்சையில் வட்டம் வட்டமாக ஒரு படம் வரைவோமே, அந்தப் படத்துக்குச் சொந்தக்காரரான வில்பர் ஷ்ராம் 1940களில் ஐயோவாவிலும் பிறகு இல்லினாயிலும் தொடங்கிய ஆய்வு மரபு. இவை போகப் பண்பாட்டு ஆய்வு, சினிமா, அரசியல் பொருளாதாரம் என்று திண்ணையில் இருப்பவர்கள் வேறு. 1950இல் தொடங்கிய சர்வதேசத் தொடர்பியல் சங்கத்தில் எல்லா வீட்டாரும் கூடுவார்கள். ஆனால் சமையல் தனித்தனி.

இது வெறும் வரலாறு இல்லை, விண்ணப்பத்தில் நேரடியாக இடிக்கும் சுவர். விஸ்கான்சின்-மேடிசனை எடுத்துக்கொள்ளுங்கள். கம்யூனிகேஷன் ஆர்ட்ஸ் என்று ஒரு துறை. சொல்லாட்சியும் சினிமாவும் அங்கே. ஜர்னலிசம் அண்ட் மாஸ் கம்யூனிகேஷன் என்று தனிப் பள்ளி. மூன்றாவதாக, வேளாண்மைக் கல்லூரிக்குள் லைஃப் சயின்சஸ் கம்யூனிகேஷன் என்று ஒரு துறை. அறிவியல், சுற்றுச்சூழல், இடர் பற்றிய தொடர்பியல் அங்கேதான் நடக்கிறது. விவசாயிகளுக்குச் செய்தி கொண்டுபோக ஆரம்பித்த வேளாண் இதழியல் துறை காலப்போக்கில் இப்படி வளர்ந்தது. கார்னெலிலும் கம்யூனிகேஷன் துறை வேளாண்மைக் கல்லூரிக்குள்தான் இருக்கிறது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் விரிவாக்கத் துறை இருப்பதை நினைத்துப் பார்த்தால் இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. ஆனால் மீடியா படித்த நாங்கள் யாரும் வேளாண்மைக் கல்லூரிப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டோம்.

இதே போல ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஒரே கல்லூரிக்குள் கம்யூனிகேஷன் ஸ்டடீஸ், இதழியல், விளம்பரம், வானொலி-தொலைக்காட்சி-சினிமா என்று தனித்தனித் துறைகள், தனித்தனி முனைவர் பட்டங்கள். மினசோட்டாவிலும் இல்லினாயிலும் குறைந்தது இரண்டு வாசல். எந்தப் பல்கலைக்கழகம் என்பது பாதிக் கேள்விதான். எந்த வாசல் என்பது மீதி.

என் முதல் எட்டு விண்ணப்பங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். மூன்று சொல்லாட்சித் துறைகளுக்குப் போயிருந்தன. ஆபிரகாம் லிங்கனின் உரைகளை ஆராய்கிறவர்களிடம் வாட்ஸ்அப் அட்டவணையைக் கொடுத்திருக்கிறேன். இரண்டு இடங்களில் பேராசிரியர்கள் எல்லாரும் கணவன்-மனைவி பேச்சு, மருத்துவர்-நோயாளி பேச்சு ஆராய்கிறவர்கள். மிச்சம் மூன்றும் பெரிய பெயர் என்பதற்காகப் போட்டவை. யாரும் என்னை மட்டமாக நினைத்து நிராகரிக்கவில்லை. அவர்கள் வீட்டில் எனக்கு உட்கார இடமே இல்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது முறை, 2022 ஆகஸ்டில், கேள்வியிலிருந்து தொடங்கினேன். இரண்டு வரியில் எழுதிச் சுவரில் ஒட்டினேன்: கரையோடு தொடர்பு அறுந்த இடத்தில் இருப்பவர்களுக்கு ஆபத்து பற்றிய செய்தி யார் யார் வழியாகப் போகிறது? அதை எதை வைத்து நம்புகிறார்கள்? இந்த இரண்டு வரியைப் படித்தால் "இது நம்ம ஆள்" என்று சொல்லக்கூடிய பேராசிரியர்கள் குறைந்தது இரண்டு பேராவது இருக்கும் துறைகளை மட்டும் தேடினேன். ஏன் இரண்டு பேர்? ஒருவரை மட்டும் நம்பிப் போய், அவர் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிவிட்டால் நாம் அந்தரத்தில். இது அடிக்கடி நடக்கிறது, என் வகுப்புத் தோழி ஒருத்திக்கே நடந்தது.

பேராசிரியர்களுக்கு எழுதுவது பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். முதல் முறை நான் எழுதிய கடிதம் "ரெஸ்பெக்டட் சார்" என்று தொடங்கியது. பெற்றுக்கொண்டவர் ஒரு பெண். பத்து வரி என் வாழ்க்கை வரலாறு, கீழே "தயவுகூர்ந்து ஆவன செய்யவும்" என்பதன் ஆங்கிலம். பதில் வராததில் வியப்பில்லை. இரண்டாவது முறை ஆறே வரி. உங்களுடைய இந்தக் கட்டுரையைப் படித்தேன், எனக்கு இந்த இடத்தில் ஒரு சந்தேகம், என் கேள்வி இது, அடுத்த ஆண்டு புதிய மாணவர்களை எடுக்கிறீர்களா? பதினோரு பேருக்கு எழுதி ஐந்து பேர் பதில் போட்டார்கள். ஒருவர், "நான் எடுக்கவில்லை, ஆனால் உங்கள் கேள்விக்கு இன்ன இடத்தில் இன்னாரைப் பாருங்கள்" என்று எழுதினார். இன்று என் வழிகாட்டி அந்த இன்னார்தான். பெரும்பாலான கம்யூனிகேஷன் துறைகளில் ஒரு குழுதான் முடிவெடுக்கிறது. பேராசிரியர் பதில் போட்டுவிட்டார் என்பதாலேயே இடம் கிடைத்துவிடாது. போடாவிட்டாலும் கதவு மூடிவிட்டதென்று அர்த்தமில்லை.

சிபாரிசுக் கடிதம்தான் நம் ஊரில் பெரும் தலைவலி. மூன்று வேண்டும். முதல் முறை என் பேராசிரியர் ஒருவர், "நீயே எழுதிக் கொண்டாம்மா, நான் அனுப்பிடறேன்" என்றார். நானே என்னைப் புகழ்ந்து எழுதிய மூன்று கடிதங்களும் ஒரே நடையில் இருந்ததை, படித்தவர்கள் கட்டாயம் கண்டுபிடித்திருப்பார்கள். இரண்டாவது முறை ஆளை மாற்றினேன். வகுப்பில் என்னோடு சண்டை போட்ட ஆசிரியர் ஒருவர், நாளிதழில் என் செய்தி ஆசிரியர், ஒக்கி நேரத்தில் நான் கூடவே சுற்றிய மீனவர் அமைப்பில் இருந்த ஒரு மூத்த ஆய்வாளர். மூவருக்கும் ஒரு பக்கத்தில் குறிப்பு கொடுத்தேன்: என்ன வேலை ஒன்றாகச் செய்தோம், எங்கே சொதப்பினேன், பிறகு என்ன ஆயிற்று. சொதப்பலையும் எழுதுங்கள் என்று நானே கேட்டேன். கடிதத்தை ஏற்றுவதற்கான இணைப்பு அவர்களுடைய மின்னஞ்சலுக்குத்தான் நேராகப் போகும். கடைசி நாளுக்கு இரண்டு வாரம் முன்பே போன் போட்டு ஞாபகப்படுத்தாவிட்டால் அது ஸ்பேம் பெட்டியிலேயே உறங்கிவிடும்.

மதிப்பெண் சான்றுக்கு இவ்வளவு ஓட வேண்டியதில்லை என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. முதல் முறை, முத்திரை வைத்த உறையில் டிரான்ஸ்கிரிப்ட் வாங்க நான் படித்த பல்கலைக்கழகத்தின் கவுண்டர் முன்னால் ஆறு நாள் நின்றேன். விண்ணப்பிக்கும்போது மதிப்பெண் பட்டியலை ஸ்கேன் செய்து ஏற்றினாலே பெரும்பாலான இடங்களில் போதும். முத்திரை உறை எல்லாம் இடம் கிடைத்த பிறகுதான். நம் சதவீதத்தை அமெரிக்க முறைப்படி நான்குக்கு இத்தனை என்று நாமே கணக்குப் போட்டு மாற்றவும் கூடாது. உள்ளதை உள்ளபடி போட்டால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். கொரோனாவுக்குப் பிறகு ஜி.ஆர்.இ. நுழைவுத் தேர்வைப் பல துறைகள் கைவிட்டுவிட்டன. அந்தக் காசை டோஃபல் ஆங்கிலத் தேர்வுக்கு வையுங்கள். அதிலும் பேச்சுப் பகுதிக்குத் தனிக் கவனம் வேண்டும். வகுப்பெடுக்கும் உதவியாளர் பணி கொடுக்க, பேச்சுக்கென்று தனி மதிப்பெண் எல்லை வைத்திருக்கும் இடங்கள் உண்டு. அது இல்லையென்றால் பணி இல்லை. பணி இல்லையென்றால் பணமும் இல்லை.

எழுத்து மாதிரிக்கு வாட்ஸ்அப்பைத் தூக்கிப் போட்டேன். ஒக்கி நாள்களில் எழுதிய குறிப்பேடுகள் நான்கு வீட்டுப் பரணில் இருந்தன. அவற்றை வைத்து, வயர்லெஸ்ஸில் ஒரு எச்சரிக்கை படகு படகாகப் போனபோது அதன் வாசகம் எப்படி மாறியது என்று இருபத்திரண்டு பக்கம் எழுதினேன். கோட்பாடு கொஞ்சம்தான். பின்னால் என் வழிகாட்டி சொன்னார், குழுவில் எல்லாரும் பேசியது அந்த இருபத்திரண்டு பக்கத்தைப் பற்றித்தானாம். எஸ்.ஓ.பி.யை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை.

இதற்கிடையில் உள்ளூர் வழியையும் விடவில்லை. விட்டிருக்கவும் கூடாது. கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட் எழுதினேன்; உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்தது, ஆய்வு உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். நூலிழையில் போனது. அந்த நூலிழையின் விலை எவ்வளவு என்று பாருங்கள். ஜே.ஆர்.எஃப். என்றால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு 42,000, வீட்டு வாடகைப் படி தனி. அது இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் மாதம் 8,000. அந்த 8,000 பத்து வருஷத்துக்கும் மேலாக அப்படியே நிற்கிறது. ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில் நேர்காணல் வரை போனேன். என் கேள்வி அவர்களுக்குப் பிடித்திருந்தது. ஆனால் பிடித்திருந்த பேராசிரியரிடம் இடம் இல்லை.

நம் ஊரில் இடம் என்பது கைடின் கையில் இருக்கும் எண்ணிக்கை. யு.ஜி.சி.யின் 2022 விதிகளின்படி பேராசிரியர் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும் மேல் ஒரே நேரத்தில் வழிகாட்ட முடியாது. ஓய்வு பெற மூன்று ஆண்டுக்குக் குறைவாக இருந்தால் புதிய ஆளை எடுக்க முடியாது. அதனால் விண்ணப்பிக்கும் முன்பே, "உங்களிடம் காலியிடம் இருக்கிறதா, எப்போது ஓய்வு?" என்று நாசூக்காக விசாரித்துவிடுவது நல்லது. 2024 ஜூன் முதல் நெட் மதிப்பெண்ணே முனைவர் சேர்க்கைக்கும் பயன்படுகிறது. ஜே.ஆர்.எஃப். இல்லாதவர்களுக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்று கணக்கு. "பிஎச்.டி.க்கு மட்டும்" என்ற தகுதி ஓராண்டுதான் செல்லும். அந்த ஜூன் மாதத் தேர்வையே நடத்திய மறுநாள் ரத்து செய்தார்கள் என்பது தனிக் கதை.

இங்கேயே படிப்பது மட்டம் என்று நான் சொல்லவில்லை. ஜே.ஆர்.எஃப். கிடைத்து, நல்ல கைடும் அமைந்தால், என் கேள்விக்கு ஹைதராபாத் பல்கலைக்கழகத்தைப் போன்ற இடம் சரியாகவே இருந்திருக்கும். சமுதாய ஊடகத்துக்கான (ஊர் மக்களே நடத்தும் ஊடகம்) யுனெஸ்கோ இருக்கை அங்கே இருக்கிறது. களம் நம் ஊரில் இருக்கும்போது படிப்பும் நம் நாட்டில் இருப்பது பெரிய வசதி. எனக்கு அந்த இரண்டும் சேர்ந்து அமையவில்லை, அவ்வளவுதான். பகுதிநேரமாக ஓர் இடத்தில் சேரச் சொன்னார்கள். அங்கே படிக்கிற அக்கா ஒருவரிடம் விசாரித்தேன். "கைடு பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க நான்தான் மதுரை வரைக்கும் போனேன்" என்றார். சேரவில்லை.

2022 டிசம்பரில் ஆறு இடங்களுக்குப் போட்டேன். அமெரிக்காவில் பெரும்பாலும் டிசம்பர் முதல் தேதிக்கும் ஜனவரி நடுவுக்கும் இடையில்தான் கடைசி நாள் விழும். பிப்ரவரியில் இரண்டு வீடியோ நேர்காணல். மூன்று நிராகரிப்பு, ஒரு காத்திருப்புப் பட்டியல், இரண்டு அட்மிட். முதல் அட்மிட் கடிதம் அப்பாவை வாழ்த்தித் தொடங்கியது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பா பெயர் இருப்பதால் "டியர் மிஸ்" போட்டு அவர் பெயர். அப்பா அதை அச்செடுத்து வைத்துக்கொண்டார். தமிழர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் உங்கள் முதல் பெயர் "எஃப்.என்.யூ." ஆகிவிடும். முதல் பெயர் தெரியாது என்று அர்த்தம். விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டைச் சரிசெய்துகொண்டால், வங்கியிலிருந்து வகுப்புப் பட்டியல் வரைக்கும் "எஃப்னு" என்று கூப்பிடப்படும் அவஸ்தை மிச்சம்.

எந்த அட்மிட்டை எடுப்பது என்பதில்தான் உண்மையான பரீட்சை. ஒன்று கிழக்குக் கரையில் பெரிய நகரத்தில், யாரிடம் சொன்னாலும் புருவம் உயரும் பெயர். ஆண்டுக்கு 26,000 டாலர். கடிதத்தை மூன்றாம் முறை படித்தபோதுதான் "முதல் ஆண்டுக்கு; அதன் பிறகு நிதி நிலையைப் பொறுத்து" என்ற வரி கண்ணில் பட்டது. மற்றது மத்திய மேற்கில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகம். ஒன்பது மாதத்துக்கு 20,500 டாலர், கல்விக் கட்டணம் தள்ளுபடி, காப்பீடு, நான்கு ஆண்டுக்கு எழுத்துப்பூர்வ உறுதி. என் கேள்வியைப் புரிந்துகொண்டவர்கள் முதலாவதில் ஒருவர், இரண்டாவதில் மூவர்.

சொந்தக்காரர்கள் எல்லாரும் முதலாவதைச் சொன்னார்கள். அப்பா மட்டும் ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு, டிக்கெட் கணக்குப் போடுவது போல, பன்னிரண்டு மாதத்துக்கும் கணக்குப் போடச் சொன்னார். அங்கேதான் பல விஷயம் வெளியே வந்தது. ஒன்பது மாதச் சம்பளம் என்றால் கோடையில் மூன்று மாதம் வரவு இல்லை. எஃப்-1 மாணவர் விசாவில் செமஸ்டர் நேரத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது, அதுவும் வளாகத்துக்குள் மட்டும். அந்த 20 மணியையும் உதவியாளர் பணியே தின்றுவிடும். கல்விக் கட்டணம் தள்ளுபடி என்றாலும் "மாணவர் கட்டணம்" என்று செமஸ்டருக்குச் சில நூறு டாலர் தனியாக வசூலிப்பார்கள். கிழக்குக் கரை நகரத்தில் ஓர் அறைக்கு மாதம் 1,300 டாலர், மற்ற ஊரில் 520. கூட்டிக் கழித்தால் பெரிய சம்பளம்தான் சின்னதாக இருந்தது.

கணக்குப் போட்ட பிறகு இரண்டு இடத்து மாணவர்களுக்கும் எழுதினேன். பேராசிரியர் அறிமுகப்படுத்தி வைக்கும் மாணவர் நல்லதைத்தான் சொல்வார்; துறைப் பக்கத்தில் நாமே தேடி, மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டில் இருப்பவர்களைப் பிடிக்க வேண்டும். "துறை எப்படி?" என்று கேட்டால் "அருமை" என்றுதான் பதில் வரும். நான் கேட்டது: கோடையில் எப்படிச் சாப்பிடுகிறீர்கள்? யாராவது வழிகாட்டியை மாற்றினார்களா, மாற்றிய பின் என்ன நடந்தது? கடைசியாக முடித்த நான்கு பேர் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? கிழக்குக் கரையில் ஒருவர், "இதைப் பற்றிப் போனில் பேசலாம், எழுத வேண்டாம்" என்றார். அந்த ஒரு வரியே எனக்குப் போதுமாக இருந்தது.

நிதியோடு வரும் அட்மிட்டுக்கு முடிவு சொல்ல ஏப்ரல் 15 வரை நேரம் உண்டு. கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ் என்ற அமைப்பின் தீர்மானத்தில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள் அதற்கு முன் நெருக்கக் கூடாது. எனக்கு ஓரிடத்திலிருந்து மார்ச் கடைசியிலேயே அவசரப்படுத்தினார்கள். இந்தத் தீர்மானத்தைப் பணிவாக நினைவூட்டி எழுதினேன், சத்தம் நின்றது. ஆனால் முடிவெடுத்த பிறகு இழுக்காதீர்கள். நீங்கள் விடும் இடத்துக்காகக் காத்திருப்புப் பட்டியலில் ஒருவர் தூங்காமல் இருப்பார். நானும் ஓரிடத்தில் அப்படி இருந்தவள்தானே. ஏப்ரல் 14, சித்திரை ஒன்று. அம்மா கனி வைத்த தட்டை எடுத்து வைக்கும்போது வேண்டாம் என்ற பதிலை முதலில் அனுப்பிவிட்டு, பிறகுதான் சரி என்ற பொத்தானை அழுத்தினேன்.

விசா பற்றி நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், அது மாறிக்கொண்டே இருக்கிறது. 2023இல் சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் எனக்கு இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. 2025 மே கடைசியிலோ புதிய நேர்காணல் தேதி கொடுப்பதையே மூன்று வாரம் நிறுத்திவிட்டார்கள். திரும்பத் தொடங்கியபோது சமூக ஊடகக் கணக்குகளை யாரும் பார்க்கும்படி திறந்து வைக்கச் சொன்னார்கள். தொடர்பியல் படிக்கப் போகிறவர்களுக்கு இது நல்ல முதல் பாடம்தான். அதே ஆண்டு, அரசு நிதி குறைந்ததால் பல பல்கலைக்கழகங்கள் முனைவர் இடங்களையும் வெட்டின. இப்போது விண்ணப்பிக்கிறவர்கள் அமெரிக்காவை மட்டும் நம்பாமல் வேறு ஒரு நாட்டையும் நெட்டையும் சேர்த்தே கையில் வைத்திருக்க வேண்டும்.

வந்து சேர்ந்த பிறகு தெரிந்தவை தனி. முதல் செமஸ்டரிலேயே என்னை மேடைப்பேச்சு வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். பல கம்யூனிகேஷன் துறைகளில் ஆய்வு மாணவர்களுக்குக் கிடைக்கும் முதல் வேலை இதுதான். பட்டிமன்றமும் மேடை முழக்கமும் கேட்டு வளர்ந்தவள் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு, "கையை இவ்வளவு ஆட்டாதீர்கள்" என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வரி விஷயம் ஒன்று: இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவுப்படி இந்திய மாணவர்கள், வரி போடும் முன்பு வருமானத்தில் ஒரு நிலையான தொகையைக் கழித்துக்கொள்ளும் சலுகையை (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) கேட்டுப் பெறலாம். மற்ற பெரும்பாலான நாட்டு மாணவர்களுக்கு இது இல்லை. முதல் ஆண்டு எனக்குத் தெரியாமல் கட்டிவிட்டு, அடுத்த ஆண்டு திருத்திக் கேட்டு வாங்கினேன். கோடையில் இன்னும் கஷ்டம்தான். களப்பணிக்குச் சின்ன நிதி கிடைத்தால் தூத்தூருக்கு ஓடி வந்துவிடுவேன்.

இப்போதெல்லாம் தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள்: "அக்கா, கம்யூனிகேஷனுக்கு எந்த யுனிவர்சிட்டி நல்லது?" உங்கள் கேள்வியை இரண்டு வரியில் அனுப்புங்கள் என்று பதில் போடுவேன். பெரும்பாலும் அதோடு பேச்சு நின்றுவிடும். போன வாரம் வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருந்தான். கோயில் கொடையில் மைக் செட்டில் வரி கொடுத்தவர்கள் பெயரை வாசிக்கும்போது யார் பெயர் முதலில் வருகிறது, யார் பெயருக்கு முன்னால் என்ன அடைமொழி வருகிறது, வாசிக்கப்படாத வீட்டார் அன்றிரவு என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதுதான் அவன் ஆய்வு செய்ய நினைப்பது. படித்ததும் எழுந்து உட்கார்ந்தேன். சொல்லாட்சி வீடா, ஒலியை ஆராய்கிறவர்களா, பண்பாட்டுத் திண்ணையா? பழைய நோட்டை எடுத்து மூன்று துறைகளைக் குறித்து வைத்திருக்கிறேன். நான்காவதாக ஒன்று இருக்கும் என்று தோன்றுகிறது. அதைக் கண்டுபிடித்த பிறகு அவனுக்கு எழுத வேண்டும்.